மண் தட்டத்தை வெறுத்த பூனை



மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி சென்ற மாதம் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். நலம் விசாரிப்பும் மழைச் செய்தியும் அரைப் பக்கம். மிகுதி மூன்றரைப் பக்கமும் அவருடைய பூனையைப் பற்றியது. 12 வயதுப் பெட்டைப் பூனையாம். இத்தனை வருடமும் குளியலறை மூலையில் வைத்த மண் தட்டத்தில் ஒழுங்காகப் போய்வந்தது, கடந்த மூன்று மாதமாகத் தட்டத்துக்கு அருகிலே, வெறும் சீமெந்துத் தரையில் போகிறதாம். "வயது போனதால் புத்தி மாறிவிட்டதா? அல்லது என்னில் ஏதும் கோபமா? இவர் இனி இதை வீட்டில் வைத்திருக்க ஏலாது என்கிறார்" என்று கேட்டு முடித்திருந்தார்.

சமையலும் பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் எழுதிவரும் இந்தப் பக்கத்தில் பூனையின் மலசலத்தைப் பற்றியா எழுதுவது என்று முதலில் தயங்கினேன். பின்னர் யோசித்துப் பார்த்தேன். ஒரு வீட்டில் பூனையைக் கொஞ்சுவதற்கு எல்லோரும் இருப்பார்கள். அது போன இடத்தைத் துடைப்பதற்கு ஒருத்திதான் இருப்பாள். அந்த ஒருத்திக்காக எழுதலாம். அத்துடன் இந்த விடயத்தில் நான் செய்த பிழையால் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதைச் சொல்லிவிட்டால் எனக்கும் மனப்பாரம் குறையும்.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் பஞ்சு. கடுவன். பேத்தி வைத்த பெயர். குட்டியாக இருக்கும்போதே கருத்தடை செய்துவிட்டோம். வெள்ளவத்தையில் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் மகள் குடும்பத்துடன் இருக்கிறேன். மண்ணில் கால் வைக்க வழியில்லாத வீடு. ஆகவே பஞ்சுவுக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டம், அதற்குள் கடையில் வாங்கிய களிமண் உருண்டை. ஈரம் பட்டதும் கட்டிபடும். ஓட்டை அகப்பையால் அள்ளி எறிந்தால் வேலை முடிந்தது. ஐந்து வருடம் ஒரு முறைப்பாடும் இல்லை.

2022ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டை உங்களுக்கு நான் விபரிக்க வேண்டியதில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நேரத்தில், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பூனை மண்ணுக்கு எங்கே போவது? விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பி வந்தேன். அடுத்த தெருவில் தச்சுப் பட்டறை இருக்கிறது. அங்கே மரத்தூளைச் சும்மா தந்தார்கள். ஒரு உரப்பை நிறையக் கொண்டுவந்து, பழைய மண்ணை முழுவதும் கொட்டிவிட்டு, தட்டம் நிறைய மரத்தூள் போட்டேன். கெட்டிக்காரத்தனமான சிக்கனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் குளியலறைக் கால்மிதியில் ஈரம். நான்காம் நாள் தோய்க்கப் போட்ட உடுப்புக் குவியலில். பிறகு பேத்தியின் பாடசாலைப் பைக்குப் பக்கத்தில், சோபாவின் பின்னால், ஒருநாள் என்னுடைய தலையணையில். தட்டத்து மரத்தூள் போட்டபடியே சுத்தமாக இருந்தது.

34 வருடம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். பாடசாலைப் பழக்கத்தில் தண்டனையைத்தான் முதலில் எடுத்தேன். பிடித்துக் கொண்டுவந்து அந்த ஈரத்தில் மூக்கைத் தேய்த்தேன். கடுதாசியைச் சுருட்டி இரண்டு தட்டுத் தட்டினேன். குளியலறைக்குள் பூட்டி வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உங்களில் பலரும் இதையே செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். பலன் என்னவென்றால் பஞ்சு என்னைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே ஓடத் தொடங்கியது. முன்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போனது, இப்போது கட்டிலுக்கு அடியில், மூலையில், நாங்கள் மணத்தை வைத்துத் தேட வேண்டிய இடங்களில் போனது.

ஜூன் மாதம் மருமகனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. மகள் அப்போது நான்கு மாதம் கர்ப்பம். அந்த நேரத்தில் அவர் போவது எங்கள் ஒருவருக்கும் விருப்பமில்லை, ஆனால் போகாமலும் முடியாது. அந்த வருடம் எத்தனை வீடுகளில் இதுதான் கதை. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு சூட்கேஸை விரித்து உடுப்பு அடுக்கி வைத்திருந்தோம். விடியப் பார்த்தால் அடுக்கிய சேட்டுகளின் மேல் பஞ்சு சலம் போயிருந்தது.

மகள் அழுதாள். உடுப்புக்காக மட்டும் அழவில்லை என்று எனக்கு விளங்கியது. "அம்மா, நான் சொல்லிப்போட்டன். இனி இதை வைச்சிருக்க ஏலாது. எங்கயாவது கொண்டுபோய் விடுங்கோ."

"எங்க பிள்ளை விடுறது?"

"சந்தையில மீன் வெட்டுற இடத்தில விட்டா சாப்பாட்டுக்குக் குறைவிராது."

பேத்தி இதைக் கேட்டுவிட்டாள். பூனையைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள். மேல் மாடியில் இருக்கும் அம்மாவும் தன் பங்குக்கு வந்து சொன்னார்: "ரீச்சர், பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில பூனை கூடாது எண்டு உங்களுக்குத் தெரியாதே? வயித்துப் பிள்ளைக்கு ஆபத்தாம்." அதற்குப் பிறகு எனக்கும் மனம் தளர்ந்துவிட்டது. கிழமை முடிய ஒரு முடிவெடுக்கிறேன் என்று சொன்னேன். என்ன முடிவு என்பதும் எனக்குள் ஏறத்தாழத் தீர்மானமாகிவிட்டிருந்தது.

ஜூலை முதல் வாரம். பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்திருந்த நாட்கள். வீதியில் சைக்கிள்தான் கூடுதலாக ஓடியது. ஒருநாள் காலையில் பஞ்சு தானாகவே தட்டத்துக்குள் ஏறிக் குந்தியது. எனக்குப் பெரிய சந்தோசம். அடிக்குப் பயன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சிறிது நேரம் குந்தியிருந்துவிட்டு இறங்கியது. மீண்டும் ஏறியது. மீண்டும் இறங்கியது. மத்தியானத்துக்குள் பதினைந்து தடவையாவது ஏறி இறங்கியிருக்கும். குந்தி முக்கியது, மெல்லிய குரலில் அழுதது, இறங்கியதும் பின்பக்கத்தை விடாமல் நக்கியது. தட்டத்தில் ஒன்றுமில்லை. மலச்சிக்கல் என்று முடிவுகட்டினேன். விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வலிக்கு அரைவாசிப் பரசிற்றமோல் குளிசை கொடுக்கும்படி ஒருவர் சொன்னார். நல்ல வேளை, பூனை வாயைத் திறக்கவில்லை. ஒரு குளிசையில் ஒரு சிறு பங்கே பூனையைக் கொல்லக்கூடியது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மனிதரின் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவதுபோல் பூனையின் ஈரலால் முடியாது. இந்த ஒரு வரியையாவது வெட்டி எடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

பின்னேரம் வாந்தி எடுத்தது. இரவு கட்டிலுக்குக் கீழே ஒரு பக்கமாகச் சரிந்து படுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையைத் தூக்கவில்லை. பேத்தி அதன் அருகில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் ஓட்டோ தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கீழ்மாடிப் பையன் தன் சைக்கிள் கரியரில் பிரம்புக் கூடையை வைத்துக் கட்டினான். பஞ்சுவைத் துவாயில் சுற்றிக் கூடைக்குள் வைத்தோம். அவன் முன்னால் மெதுவாக ஓட்ட, நான் காலி வீதியில் பின்னால் நடந்தேன். தெஹிவளை வரைக்கும். வழிநெடுக எனக்கு ஒரே யோசனை. சந்தைக்குக் கொண்டுபோகவிருந்ததும் இதே கூடையில்தான்.

மிருக வைத்தியர் பேராதனையில் படித்து வந்த இளம் பெண். பூனையின் வயிற்றின் பின்பக்கத்தை ஒரு தரம்தான் அழுத்திப் பார்த்தார். "அம்மா, கையை இஞ்ச வையுங்கோ" என்றார். தோடம்பழம்போல் ஒன்று கல்லாக இருந்தது. சிறுநீர்ப்பை. ஒரு துளி வெளியேற வழியில்லாமல் நிரம்பி இறுகியிருந்தது.

கடுவன் பூனையின் சிறுநீர்வழி மிக ஒடுங்கியது. சிறுநீர்ப்பை அழற்சியடைந்தால் சளிபோன்ற பொருளும் நுண்ணிய பளிங்குகளும் சேர்ந்து அந்த வழியில் ஒரு தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். பெட்டைக்கு வழி சற்று அகலம், ஆதலால் அடைப்பு வருவது அரிது. அடைபட்டால் கழிவு முழுவதும் இரத்தத்தில் தேங்கும். பொற்றாசியம் கூடி இதயத்தின் துடிப்பைக் குழப்பும். இரண்டு மூன்று நாளுக்குள் உயிர் போய்விடும், சிலவேளை அதற்கு முன்னரே. "நாளைக்குக் கொண்டுவந்திருந்தா நான் ஒண்டும் செய்யேலாது" என்றார் அவர். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை எடுத்தார்கள். சேலைன் ஏற்றி மூன்று நாள் வைத்திருந்தார்கள். செலவுக்கு எனது ஓய்வூதியத்தில் ஒரு பெரிய பங்கு போனது. அதைப் பற்றி மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பூனையைக் கூட்டிவரப் போனபோது அந்தப் பெண் என்னை இருத்திவைத்துக் கேள்வி கேட்டார். முதன்முதலில் எப்போது தட்டத்தை விட்டது? அதற்கு முதல் கிழமை வீட்டில் என்ன மாறியது? தட்டத்தில் என்ன போட்டீர்கள், எந்த அளவுக்கு? தட்டம் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது? சாப்பாடு என்ன, தண்ணீர் எவ்வளவு? நான் வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகியவள், பதில் தெரியாமல் விழித்துப் பழகாதவள். அன்று நன்றாக விழித்தேன்.

மரத்தூளை மாற்றிய கதையைச் சொன்னேன். சிரித்தார். பூனையின் பாதத்துக்கு அடியில் நல்ல உணர்ச்சி உண்டு. குட்டியில் எதன் மேல் நின்று போகப் பழகியதோ அதையே "மலசலகூடம்" என்று அது அறியும். ஒரே நாளில் அதை எடுத்துவிட்டு, மர மணமும் தூசியும் உள்ள வேறொன்றைப் போட்டால் அதற்கு அது மலசலகூடமே அல்ல. ஆகவே அதற்குத் தெரிந்தவற்றுள் மிருதுவானதும் ஈரத்தை உறிஞ்சுவதுமான ஒன்றைத் தேடிப் போகும். கால்மிதி, உடுப்பு, தலையணை. நான் துரோகம் என்று நினைத்தது அதன் ஒழுக்கம்தான்!

தட்டத்துக்குப் பக்கத்தில் என்ன என்ற கேள்விக்கு, "வோஷிங் மெஷின்" என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த மாதங்களில் மின்வெட்டு. மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்கூட மின்சாரம் இருக்கவில்லை. மின்சாரம் வந்த நேரம்தான் தோய்க்கும் நேரம் என்று இரவு பத்து மணிக்கும் மெஷினை ஓடவிட்டோம். தட்டத்தில் குந்தியிருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் அது அதிர்ந்து சுழலத் தொடங்கினால், பூனை அந்த இடத்துக்கு மீண்டும் வருமா? ஒரு தரம் வெருண்டாலே அந்த மூலை அதற்குப் பொல்லாத இடமாகிவிடும்.

இதற்கெல்லாம் மேலாக, வீட்டின் மனநிலை. பூனைக்கு அரசியலும் டொலரும் தெரியாது. ஆனால் நேரத்துக்குச் சாப்பாடு வராததும், ஆட்கள் சத்தம் போடுவதும், சூட்கேஸ் விரிப்பதும், மடியில் வைத்துத் தடவிய கை அடிப்பதும் தெரியும். பூனைக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பகுதிக்குக் கிருமி காரணமல்லவாம். குறிப்பாக வயது குறைந்த பூனைகளில். வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, உலர் உணவு தின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, உடம்பு பருத்து, மனநெருக்கடியும் சேரும் பூனைக்கு அது வருகிறது. அத்தனையும் பஞ்சுவுக்குப் பொருந்தியது. சூட்கேஸில் போனது பழிவாங்கல் அல்ல, அப்போதே அதற்கு நோய் தொடங்கியிருக்கலாம் என்றார் வைத்தியர். அடிக்கடி, சிறிது சிறிதாக, கண்ட இடத்தில் போவது முதல் அறிகுறி. அதற்குத்தான் நான் கடுதாசியைச் சுருட்டினேன்.

பூனை ஏன் மண்ணைத் தோண்டி மூடுகிறது என்று நான் முன்பு யோசித்ததே இல்லை. வடமராட்சியில் எங்கள் வளவு முழுவதும் மணல். முருங்கைக்குக் கீழே கிண்டிப் போய்விட்டு மூடிவிட்டு வரும். யாரும் பழக்கவில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்காவின் வடக்கிலும் மேற்காசியாவிலும் வரண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனை. தண்ணீர் குறைந்த நாட்டுப் பிராணி ஆகையால் அதன் சிறுநீர் மிகவும் செறிவானது, மணமும் அப்படியே. வீட்டுக்குள் தட்டம் வைக்கும் வழக்கத்தில் முன்னர் மணலும் சாம்பலும் மரத்தூளும்தான் போட்டார்கள். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வேர்ட் லோ என்பவர், எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்படுத்திய ஒருவகைக் களிமண்ணைப் பூனைக்கென்று பையில் கட்டி விற்கத் தொடங்கியதிலிருந்துதான் கடை மண் வந்தது. எங்கள் அம்மம்மா காலத்துப் பூனைகள் அடுப்புச் சாம்பலில் போய்விட்டு ஏச்சு வாங்கியது நினைவிருக்கிறதா? அவற்றின் கணக்கில் அது மிக நல்ல மலசலகூடம்.

வீட்டுக்கு வந்து நான் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். தட்டத்தை வோஷிங் மெஷினிலிருந்து பிரித்து, ஆள் நடமாட்டம் குறைந்த பின் பல்கனி மூலைக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது தட்டம் ஒன்று என் அறையில் வைத்தேன். ஒரு பூனைக்கு இரண்டு தட்டம், இரண்டு பூனைக்கு மூன்று என்பது மிருக வைத்தியர்களின் பொதுவான கணக்கு. சிறுநீர் ஒன்றிலும் மற்றது ஒன்றிலும் போக விரும்பும் பூனைகளும் உண்டு. பழைய தட்டம் சிறியது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரைக்கும் உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தட்டம் இருக்க வேண்டுமாம். ஆகவே உடுப்புத் தோய்க்கும் அகலப் பேசினை வாங்கினேன். கடை மண்ணுக்குக் காசில்லை என்பது மாறவில்லை. கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலை அரித்துக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். மண் என்றதும் பஞ்சு முதல் நாளே ஏறிக் கிண்டியது. பிறகு அந்த மணலுடன் ஒரு கை, இரண்டு கை என்று மரத்தூளைக் கலந்து மூன்று கிழமையில் பாதிக்குப் பாதி ஆக்கினேன். எதை மாற்றுவதானாலும் அப்படித்தான் மாற்ற வேண்டும், பிள்ளைக்குப் பால் மறக்கப்பண்ணுவதுபோல. மணலின் குறை பாரம். கட்டிபடாது ஆகையால் அடிக்கடி முழுவதையும் மாற்ற வேண்டும். மூன்றாம் மாடிக்கு மணல் சுமப்பது என் முழங்காலுக்குத் தெரியும்.

அத்துடன் காலையும் மாலையும் அள்ளுவது. நாங்கள் தண்ணீர் ஊற்றாத மலசலகூடத்துக்குள் போவோமா? மூடி போட்ட தட்டங்கள் சில கடைகளில் அழகாக இருக்கும், மணம் எங்களுக்கு வராது, ஆனால் உள்ளே நிற்கும் பூனைக்கு முழு மணமும். வாசனை சேர்த்த மண்ணும் அப்படியே, எங்கள் மூக்குக்காகச் செய்தது. சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உலர் உணவைக் குறைத்துத் தண்ணீர் கலந்த உணவு கொடுத்தேன். சூடை மீன் அவித்த உப்பில்லாத தண்ணீரைச் சோற்றில் நன்றாக விட்டுக் குழைப்பேன். மீன் மட்டும் போதாது என்று வைத்தியர் சொன்னதால் கோழியும் சேரும். மூன்று இடத்தில் தண்ணீர்.

துடைக்கும் முறையிலும் எனக்குப் பிழை இருந்தது. மணம் போகட்டும் என்று தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியை ஊற்றித் துடைத்தேன். அந்த வகையில் பீனோல் சேர்ந்தவை இருக்கும். அவை பூனைக்கு நஞ்சு. ஈரத்தில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே போதும். அமோனியா சேர்ந்தவற்றால் துடைத்தால், சிறுநீர் அழுகும்போதும் அமோனியாதான் உண்டாகும் ஆகையால், பூனைக்கு "இங்கேயே வா" என்று எழுதிவைத்ததுபோல் ஆகும். வெளுக்கும் குளோரினை அதன்மேல் ஊற்றினால் எங்கள் நெஞ்சுக்கே கேடான புகை வரும். நொதியம் சேர்ந்த சலவைத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்துத் துடைப்பதுதான் மணத்தை வேரோடு எடுக்கிறது. எங்கள் மூக்குக்கு மணம் போய்விட்டது என்பது கணக்கல்ல, பூனையின் மூக்கு எங்களுடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது.

மேல் மாடி அம்மா சொன்ன விடயத்தையும் வைத்தியரிடம் கேட்டேன். அதில் உண்மை இல்லாமலில்லை, ஆனால் பாதிதான் உண்மை. தொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடும். தொற்றுக்குள்ளான பூனையின் மலத்தில் அது சில கிழமைகள் வெளியேறும். ஆனால் வெளியேறிய உடனே தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை எடுக்கும். தினமும் அள்ளினால் அந்தச் சந்தர்ப்பமே குறைவு. வெளியே போகாத, எலி பிடிக்காத, பச்சை இறைச்சி தின்னாத பூனையிடம் அது இருப்பதும் குறைவு. நன்றாக வேகாத இறைச்சி, கழுவாத மரக்கறி, தோட்டத்து மண் ஆகியவற்றால் தொற்றுவதே கூடுதலாம். ஆகவே கர்ப்பிணி தட்டத்தைத் தொடாமல் இருந்தால் போதும். வேறு ஆளில்லாவிட்டால் கையுறை போட்டு, பிறகு சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் தட்டம் என் பொறுப்பு, இறைச்சியை நன்றாக வேகவைப்பதும் என் பொறுப்பு. மகள் இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் பஞ்சுவின் தலையைத் தடவினாள். நவம்பரில் ஆண் பிள்ளை பிறந்தது. தொட்டிலுக்குக் கீழேதான் இப்போது பஞ்சுவின் பகல் தூக்கம். அடைப்பு மறுபடி வரக்கூடியது என்பதால் அது தட்டத்தில் ஏறும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் எட்டிப்பார்ப்போம். அதற்கு வெட்கமாக இருக்குமோ தெரியாது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இனிச் சொல்கிறேன். உங்கள் பூனை தட்டத்துக்கு "அருகில்" போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் முக்கியம். அதற்குப் புத்தி மாறவில்லை, இடம் நினைவிருக்கிறது, வருகிறது, ஏற முடியவில்லை. 12 வயது என்பது பூனைக்கு முதுமை. மூட்டுவாதம் இருந்தால் உயர்ந்த விளிம்பைத் தாண்டுவது எங்களுக்கு வங்கிப் படி ஏறுவதுபோல. தட்டத்தின் ஒரு பக்கத்தை நான்கு விரல் உயரத்துக்கு அரிந்து, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி விடுங்கள், அல்லது அகலமான தாழ்ந்த தட்டமாக வாங்குங்கள். மழைநாளில் குளியலறைத் தரை ஈரமாக வழுக்கினால் பழைய சாக்கு ஒன்றைப் பாதைக்கு விரியுங்கள். அது கதிரையில் பாயாமல் யோசித்து நிற்கிறதா, முதுகை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துவிட்டதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். முன்னரைவிடத் தண்ணீர் கூடக் குடிக்கிறதா, சிறுநீர்த் திட்டு பெரிதாகிவிட்டதா, சாப்பிட்டும் மெலிகிறதா? வயதான பூனைக்குச் சிறுநீரக நோய், நீரிழிவு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு ஆகிய மூன்றும் இப்படித் தொடங்கலாம். இரத்தமும் சிறுநீரும் சோதித்தால் தெரிந்துவிடும். வயதான பெட்டைக்குக் கிருமித் தொற்றும் வரும். ஆகவே தட்டத்தை அரிவதோடு நிற்காமல் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். போகும்போது எத்தனை தரம் போகிறது, எவ்வளவு, எந்த இடம், எப்போது தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நான் விழித்ததுபோல் நீங்கள் விழிக்க வேண்டாம்.

உங்கள் அயல்வீட்டுக் கடுவன் சுவரில் நின்றபடி வாலை நடுக்கிப் பீச்சுவதாகவும் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அது வேறு விடயம். எல்லை குறிக்கிறது. கருத்தடை செய்தால் அநேகமான கடுவன்களில் அது நின்றுபோகும். அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் மூன்று கிழமை தவணை கேளுங்கள். தாழ்ந்த தட்டத்துக்கும் சோதனை முடிவுக்கும் அவ்வளவு நாள் தேவை. தந்தாரா என்பதை எனக்கு எழுதுங்கள்.